மம்மிகளின் ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பு

"எங்க தாத்தா காலத்துல ஏது சார் ஹார்ட் அட்டாக்? எல்லாம் இந்தப் பரோட்டாவும் பிராய்லர் கோழியும் வந்த பிறகுதானே!" நெஞ்சு ஸ்கேனுக்கு வருபவர்களில் பலர் இதைச் சொல்லிவிட்டுத்தான் படுப்பார்கள். ரேடியாலஜிஸ்ட் ஆன நான் அவர்களுக்கு எகிப்திலிருந்து பதில் சொல்லத் தொடங்குவேன்.

சி.டி. ஸ்கேன் படத்தில் எலும்பு பளீரென்று வெள்ளையாகத் தெரியும். ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்து, நாளாவட்டத்தில் கால்சியம் சேர்ந்து இறுகினால் அதுவும் அதே வெள்ளைதான். அரிசி நொய் சிந்தியது போல இருக்கும். உடல் அழுகாமல் சதை வற்றிச் சுருங்கி மம்மியாகப் பல நூற்றாண்டுகள் கிடந்தாலும் அந்தச் சுண்ணாம்பு அழியாது. ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன், நாற்பதுகளில் இறந்த எகிப்திய இளவரசி அக்மோஸ் மெரியத் அமுனின் இதயத்தில், மூன்று முக்கியக் குழாய்களில் இரண்டில் இந்தப் படிவு இருந்தது.

அரச குடும்பத்துச் சாப்பாடு அப்படி என்று ஒதுக்கிவிடலாமா? 2013-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, எகிப்து, பெரு, தென்மேற்கு அமெரிக்கா, அலாஸ்காவை ஒட்டிய அலூசியன் தீவுகள் ஆகிய நான்கு இடங்களின் 137 மம்மிகளை ஸ்கேன் செய்தது. 47 பேருக்குப் படிவு இருந்தது. அலூசியன் தீவினர் கடலில் வேட்டையாடிப் பிழைத்தவர்கள். ஆனால் மண்ணுக்கடியில் அமைத்த வீட்டுக்குள் சீல், திமிங்கில எண்ணெய் விளக்கை எரித்து, அந்தப் புகையிலேயே வாழ்ந்தார்கள். புகையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் சந்தேகம். இதைப் படித்த பிறகு, வரும் பெண்களிடம் வீட்டில் விறகடுப்பா என்று கேட்காமல் இருப்பதில்லை.

அப்படியென்றால் எப்படி வாழ்ந்தாலும் ஒன்றுதானா? இல்லவே இல்லை. பொலிவியக் காட்டில் வேட்டையாடியும் பயிர் செய்தும் வாழும் சிமானே மக்கள் 705 பேரை ஸ்கேன் செய்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். 596 பேரின் இதயக் குழாயில் சுண்ணாம்பே இல்லை. உடலுழைப்பும் உணவும் நிச்சயம் காப்பாற்றுகின்றன. ஆனால் எல்லோரையும் ஒரே அளவில் அல்ல. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் உறைந்த உடலாகக் கிடைத்த ஊட்சி என்ற மனிதர், சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் மலையேறித் திரிந்தவர். அவருக்கும் படிவு இருந்தது. மரபணுவைப் படித்தபோது இதயநோய் எளிதில் வரக்கூடிய பிறவித்தன்மையும் தெரிந்தது.

போன மாதம் வந்த விவசாயி ஒருவரும் தாத்தா கதையைத்தான் சொன்னார். பீடி, மது எதுவும் கிடையாது. திரையில் வெள்ளைப் புள்ளிகளைக் காட்டிவிட்டு, "அப்பா எந்த வயசுல போனாருங்க?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "நாற்பத்தெட்டு சார். நல்லாத்தான் இருந்தாரு. தூக்கத்துலயே போயிட்டாரு."

தாத்தாவைச் சொன்னவர் அப்பாவைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது இளவயதில் போயிருந்தால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அதை முதலில் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஸ்கேன் தேவைப்படாது. பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் பரிசோதனையிலிருந்து அவர் தொடங்குவார்.