ஸ்பேர் ஜெனரேட்டர் எந்த மாடியில் இருக்கிறது?

அணு உலையை நிறுத்துவது பெரிய காரியமே இல்லை. 2011 மார்ச் 11, மதியம் 2:46-க்கு ஜப்பானில் நிலம் குலுங்கியதும், ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த 1, 2, 3 உலைகளில் கட்டுப்பாட்டுத் தண்டுகள் தானாகவே உள்ளே போய், சில விநாடிகளில் அணுப்பிளவு நின்றுவிட்டது. தலைவலி அதற்கு அப்புறம்தான். பிளவில் உண்டான கதிரியக்கத் தனிமங்கள் சிதைந்துகொண்டே இருக்கும், வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும், அதை நிறுத்த எந்தப் பொத்தானும் கிடையாது. உலை நின்ற கணத்தில் முழு வெப்பத்தில் 6 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். 1,380 மெகாவாட் வெப்பம் தந்த முதல் உலையில் அதுவே 80 மெகாவாட்டைத் தாண்டும். ஒரு நாளில் 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும் என்றாலும், தண்ணீர் ஓடாவிட்டால் எரிபொருளை உருக்க அதுவே போதும்.

தண்ணீர் ஓட பம்ப் வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். வெளியிலிருந்து வரும் மின்சாரம் நிலநடுக்கத்திலேயே போய்விட்டது. டீசல் ஜெனரேட்டர்கள் ஒழுங்காகக் கிளம்பின. சுமார் 50 நிமிடம் கழித்து, கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருந்த அந்த வளாகத்துக்குள் 14 மீட்டரைத் தாண்டிய சுனாமி ஏறியது. ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை இருந்தது கட்டடங்களின் அடித்தளத்தில்! என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று: 2, 4 உலைகளுக்கு ஆளுக்கொரு ஜெனரேட்டர் தனிக் கட்டடத்தில் தரைத்தளத்தில் இருந்தது, குளிர்விக்கக் கடல்நீர்கூடத் தேவைப்படாத ரகம், அவை மூழ்கவில்லை, ஆனால் அவற்றின் கரண்டைப் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச்போர்டு கீழே அடித்தளத்தில் மூழ்கிக் கிடந்தது. இருண்ட கன்ட்ரோல் ரூமில், வண்டிகளிலிருந்து கழற்றி வந்த பேட்டரிகளைக் கோத்துத்தான் உலையின் நீர்மட்டத்தைப் பார்த்தார்கள். 6-வது உலையின் ஒரு ஜெனரேட்டர் மட்டும் தப்பியது. 5, 6 இரண்டையும் அதுதான் காப்பாற்றியது.

ஆக, எத்தனை ஸ்பேர் என்பதைவிட, எல்லா ஸ்பேரையும் ஒரே வெள்ளம் எட்டுமா என்பதுதான் கேள்வி. அந்த அலையை 'எதிர்பாராதது' என்று சொல்வதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 15.7 மீட்டர் வரை அலை வரலாம் என்று 2008-லேயே, அந்த நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்தின் கணக்கு காட்டியது. அதே கடற்கரையில் ஒனகாவா அணுமின் நிலையத்தைச் சுமார் 14 மீட்டர் உயரத்தில் கட்டியிருந்தார்கள், அது தாக்குப்பிடித்தது.

அலை எவ்வளவு உயரம் வரும் என்று கணிப்பது ஒரு வழி. காரணம் எதுவானாலும் சரி, கரண்ட் மொத்தமாகப் போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு யோசிப்பது இன்னொரு வழி. கூடங்குளத்தில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. நீராவி தானாக மேலே ஏறி, வெளிக்காற்றுபடும் குழாய்களில் குளிர்ந்து, நீராகித் தன் எடையாலேயே கீழே இறங்கும். பம்பும் வேண்டாம், டீசலும் வேண்டாம்.