நடுவட்டத்துப் பட்டையும் கடற்பஞ்சும்

நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் 1860களில் சிங்கோனா பயிரிட்டபோது, அப்பணியைக் கவனித்த வில்லியம் மெக்ஐவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. மலேரியாவுக்கு மருந்தான கொய்னா மரப்பட்டையில் இருக்கிறது. பட்டையை முழுவதும் உரித்தாலோ மரம் பட்டுப்போகும். அவர் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் போர்த்தினார். அங்கே புதுப்பட்டை வளர்ந்தது. மருந்தைக் கண்டறிவது ஒரு வேலை, அது தொடர்ந்து கிடைக்கச் செய்வது வேறு வேலை. கடற்பஞ்சுகளை ஆராய்ந்தவர்களும் இதே இடத்தில்தான் திணறினார்கள்.

கடற்பஞ்சு ஒரு விலங்கு; ஆயினும் மரத்தைப் போல ஓரிடத்தில் ஒட்டி, உடலின் துளைகள் வழியே நீரை இழுத்து வடிகட்டி உண்கிறது. ஓடி ஒளிய இயலாததால், தின்ன வரும் மீன்களையும் மேலே படரும் உயிர்களையும் வேதிப்பொருள்களால் விலக்குகிறது. அவற்றுள் பலவற்றை ஆக்கித் தருபவை அதன் உடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களே.

1950களின் தொடக்கத்தில் வேதியியலாளர் வெர்னர் பெர்க்மன், புளோரிடாக் கடற்பஞ்சு ஒன்றில் டிஎன்ஏவின் கட்டுமானக் கூறுகளை ஒத்த சேர்மங்களைக் கண்டார். அவற்றில் வழக்கமான ரைபோஸ் வகைச் சர்க்கரைக்குப் பதிலாக அராபினோஸ் இருந்தது. ரைபோஸுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஒரேயொரு ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த இணை) திசைமாறி நிற்பதுதான். ஆனால் அந்தச் சிறு மாற்றம் போதுமானது. இந்தத் துப்பைப் பிடித்து வேதியியலாளர்கள் உருவாக்கிய சைட்டராபைனைப் புற்றுநோய்ச் செல், டிஎன்ஏவைப் படியெடுக்கையில் உண்மையான கூறு என்று நம்பிச் சேர்த்துக்கொள்ள, வளர்ந்துகொண்டிருந்த இழை அங்கேயே தடைபடுகிறது. 1969இல் ஒப்புதல் பெற்ற இம்மருந்து இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தரப்படுகிறது. இங்கே கடற்பஞ்சு தந்தது மருந்தை அன்று, மாதிரியை என்பதே சரி.

அடுத்த கதையில் மூலப்பொருள் கிடைப்பதே பெருஞ்சிக்கலாயிற்று. ஜப்பானியக் கடற்பஞ்சில் கிடைத்த ஹாலிகாண்ட்ரின் பி, செல் பிரியும்போது அமையும் நுண்குழல்களைக் குலைத்துப் புற்றுநோய்ச் செல்லைப் பெருகவிடாமல் தடுப்பது. ஆனால் 600 கிலோ கடற்பஞ்சைப் பிழிந்தெடுத்தும் தேறியது சுமார் 12.5 மில்லிகிராம். இதற்குப் பாசி போர்த்தும் வழியில்லை. வேதியியலாளர் யோஷிட்டோ கிஷியின் குழு 1992இல் முழு மூலக்கூறையும் ஆய்வகத்திலேயே கட்டியது. அப்போதுதான் அதன் ஒரு பாதியே மருந்தாகச் செயல்படப் போதும் என்பதும் தெளிவாயிற்று. அப்பாதியைத் திருத்தி அமைத்த எரிபுலின், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்காக 2010இல் ஒப்புதல் பெற்றது. அதைத் தயாரிக்க அறுபதுக்கும் மேற்பட்ட வேதிப்படிகள் தேவைப்படுகின்றன; கடற்பஞ்சு ஒன்றுகூடத் தேவைப்படுவதில்லை.