குடில் கட்டும் வீட்டில் பட்டன் பேட்டரி

கிறிஸ்துமஸ் அலங்காரம் தொடங்கும் டிசம்பர் பிறந்ததும், எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பிள்ளைகளிடமிருந்து நாங்கள் வெளியே எடுக்கும் சரக்கு மாறிவிடும். மற்ற மாதங்களில் புளியங்கொட்டை, சாக்பீஸ், அழிரப்பர் துண்டு. டிசம்பரில் பாசிமணி, தெர்மாகோல் உருண்டை, ஜிகினா. இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான். எடுத்துவிட்டு, பிள்ளையைச் சமாதானம் செய்து அனுப்பிவிடுவோம். ஆனால் போன வாரம் வந்த குழந்தையைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் இதே கதை, இதே பதில்.

மூன்று வயதுக் குழந்தை. வீட்டில் அக்காவும் அண்ணனும் உட்கார்ந்து காகித நட்சத்திரம் செய்திருக்கிறார்கள். உள்ளே வைக்க ஒரு எல்இடி மெழுகுவர்த்தி. அது மங்கலாக எரிந்ததால் அதிலிருந்த பட்டன் பேட்டரியை, அதாவது நாணயம் மாதிரித் தட்டையான சின்ன பேட்டரியை, கழற்றிப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். பழையது பாசிமணித் தட்டிலேயே கிடந்திருக்கிறது. சாயங்காலம் சின்னவள் எச்சில் வடித்தாள், இருமினாள், சோறு வேண்டாம் என்றாள். பேட்டரியைக் காணோம் என்று அண்ணன் சொல்லவும் சொல்லியிருக்கிறான். "தீர்ந்துபோன பேட்டரிதானே, ஒன்றும் செய்யாது. வாழைப்பழம் கொடு, காலையில் வெளியே வந்துவிடும்" என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். காலையில் வரவில்லை. அப்புறம்தான் மருத்துவமனை.

எக்ஸ்ரேயில் நாணயம் மாதிரி ஒரு வட்டம், அதன் ஓரத்தை ஒட்டி உள்ளே இன்னொரு வட்டக் கோடு. அந்த இரட்டைக் கோட்டைப் பார்த்தால் எங்களுக்கு வயிற்றைப் பிசையும். நாணயத்தில் அது தெரியாது. (பணியில் இருக்கும் இளம் மருத்துவர்களே, நாணயம் என்று எழுதுவதற்கு முன் ஓரத்தைப் பாருங்கள், பக்கவாட்டிலும் ஒரு படம் எடுங்கள்.) பேட்டரி சிக்கியிருந்த இடத்தில் உணவுக்குழாயின் சுவர் கரிந்து கறுத்திருந்தது. குழந்தைக்கு இப்போது மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் பால். பேட்டரியை எடுத்ததோடு ஆபத்து முடிவதில்லை. புண் அடுத்தடுத்த நாட்களிலும் ஆழமாகி மூச்சுக்குழாயையோ பெரிய ரத்தக்குழாயையோ துளைக்கலாம்.

தீர்ந்துபோன பேட்டரி ஒன்றும் செய்யாது என்பதை இனி யாரும் என் காதுபடச் சொல்ல வேண்டாம். விளக்கு எரியவில்லை என்றால், விளக்கை எரிக்கும் அளவுக்கு அதில் மின்சாரம் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். சிஆர்2032 என்று முதுகில் எழுதியிருக்கும் அந்த 20 மில்லிமீட்டர் வில்லை புதிதாக இருக்கும்போது 3 வோல்ட். விளக்கு மங்கும்போதும் அதில் கணிசமாக மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் தொண்டைச் சதையைக் கரிக்கத் தாராளமாகப் போதும். பேட்டரி உடைய வேண்டாம், ஒழுக வேண்டாம். ஈரமான சதையைத் தொட்டாலே மின்சாரம் பாய ஆரம்பித்துவிடும், கழிவுநீர்க் குழாய் அடைப்பு நீக்கப் போடும் காரம் மாதிரி ஒன்று அங்கேயே உருவாகும். கடுமையான புண்ணுக்கு 2 மணி நேரம் போதும். ஒரு ராத்திரி முழுக்க நாம் வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்!

சரி, மலத்தோடு வந்த பேட்டரிகளே இல்லையா? உண்டு, வயிற்றுக்குள் இறங்கியவை. உங்கள் குழந்தை விழுங்கியது இறங்கிவிட்டதா, தொண்டைக்குக் கீழே சிக்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது. வாழைப்பழமும் சோற்று உருண்டையும் அதைத் தள்ளாது. வயிறு நிறைந்திருந்தால், பேட்டரியை எடுப்பதற்காக மயக்கம் கொடுப்பவருக்குத்தான் சிக்கல். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், விழுங்க முடிகிற பட்சத்தில், புண்ணின் வேகத்தைக் குறைக்க, வருகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழே தேனே கூடாது. தேன் வாங்கக் கடை தேடி அலையவும் கூடாது.

மூக்கில் போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கும் தண்டு ஓட்டையாகிவிடும். சொட்டு மருந்து எதுவும் விடாமல் கூட்டி வாருங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் அதைச் சாதாரணச் சளி என்று மாதக்கணக்கில் சிரப் ஊற்றாதீர்கள். உள்ளே ஏதோ இருக்கிறது. தெர்மாகோல் உருண்டை எக்ஸ்ரேயில் தெரியாது, நேரே பார்த்தால்தான் உண்டு.

இன்னொன்று, குடிலில் பனி மாதிரித் தெரியப் பஞ்சு ஒட்டுவது. நொடியில் ஒட்டும் பசையைப் பஞ்சில் விட்டால் அது சட்டென்று கொதிக்கும், விரல் வெந்துவிடும். இது பெரியவர்களுக்கே தெரிவதில்லை. அந்தப் பசை இமையில் பட்டு ஒட்டிக்கொண்டால் பிரித்து இழுக்காமல் தண்ணீரில் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போங்கள். சூட்டுப் பசைத் துப்பாக்கியைப் பெரியவர்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீர். பற்பசை வேண்டாம், இங்க் வேண்டாம், ஒட்டியதைப் பிய்க்கவும் வேண்டாம்.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதுவுமே செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து செய்யுங்கள். மூங்கில் குச்சியும் கலர் பேப்பரும் மைதாப் பசையும் கொண்டு செய்த நட்சத்திரம் யாரையும் மருத்துவமனைக்கு அனுப்பியதில்லை. எங்கள் தெற்கத்திப் பக்கம் பனை ஓலையிலேயே நட்சத்திரம் முடைவார்கள், அழகு அள்ளும். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் மணியும் சின்ன காந்தமும் வேண்டவே வேண்டாம். இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலை நடுவில் வைத்துக் கவ்விக்கொள்ளும், ஓட்டை விழும். விளக்கு வாங்கும்போது பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் திறக்கிற மூடியைக் குழந்தையும் திறக்கும். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைக்குள்ளும் இதே வில்லைதான். கழற்றிய பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, கைக்கு எட்டாத இடத்துக்கு அப்போதே கொண்டுபோங்கள். "அப்புறம் போடலாம்" என்று மேசையில் வைக்காதீர்கள்.

பேட்டரியைக் காணோம் என்று பிள்ளை சொன்னால் திட்டாமல் கேளுங்கள். கிறிஸ்துமஸ் ராத்திரி பூசை நேரமாக இருந்தாலும் 108-ஐ அழைத்தோ சொந்த வண்டியிலோ எக்ஸ்ரே இருக்கிற மருத்துவமனைக்கு நேரே போங்கள். வெறும் சந்தேகம்தான் என்றாலும் பரவாயில்லை. அதே மாதிரி இன்னொரு பேட்டரியோ அதன் அட்டையோ வீட்டில் இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள், அளவு தெரிந்தால் எங்களுக்கு வேலை சுலபம்.