பிஎஸ் 4-இல் எஸ்எஸ்டி போட்டால் ஜிடிஏ 6 ஓடாது

"அண்ணா, எஸ்எஸ்டி மாத்தியாச்சு, இனி ஜிடிஏ 6 கேம் வந்தா ஓடும்ல?" தர்மபுரியோ கிருஷ்ணகிரியோ ஓசூரோ, கேம் கன்சோல் சர்வீஸ் பார்க்கிற எந்த மேசைக்கும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. இந்த வாரம் வந்த பிஎஸ் 4-இல் (சோனியின் பழைய கன்சோல், பிளேஸ்டேஷன் 4) புது எஸ்எஸ்டி, புது தெர்மல் பேஸ்ட், கூடவே "அப்கிரேடு சார்ஜ்" என்று எழுதிய துண்டுச் சீட்டு. மாட்டிக் கொடுத்தவர் ஓடும் என்று சொல்லித்தான் காசு வாங்கியிருக்கிறார். ஓடாது. எத்தனை பேருக்குத்தான் தனித்தனியாகச் சொல்வது?

ஜிடிஏ 6-ஐ உருவாக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் அறிவித்திருப்பது பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகியவற்றுக்கு மட்டும்தான். முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26, அதன் பிறகு 2025 நவம்பரில் வந்த அறிவிப்பில் 2026 நவம்பர் 19. தேதி நகரலாம். அந்தக் கன்சோல் பட்டியலில் பிஎஸ் 4 ஒருமுறைகூட இடம்பெறவில்லை.

எஸ்எஸ்டி என்பது கேம் ஃபைல்களை வைக்கும் இடம், அவ்வளவுதான். அதை மாற்றினால் ஏற்கெனவே ஓடுகிற கேம் சீக்கிரம் லோடு ஆகும். கேமை ஓட்டுவது புராசசரும் கிராபிக்ஸும் ரேமும். அவை போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டவை, கழற்றி மாற்ற வழியில்லை. பிஎஸ் 4-இன் புராசசர் 1.6 கிகாஹெர்ட்ஸ், ரேம் 8 ஜிபி, கிராபிக்ஸ் 1.84 டெராஃபிளாப்ஸ் (கணக்கிடும் வேகத்தின் அளவு). பிஎஸ் 5-இல் அவை 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை, 16 ஜிபி, 10.28 டெராஃபிளாப்ஸ். சரி, எஸ்எஸ்டி வேகத்தையாவது பார்ப்போம் என்றால், சாதாரண பிஎஸ் 4-இல் டிரைவைப் போர்டோடு சேர்க்கும் சாட்டா இணைப்பில் நொடிக்கு 300 எம்பிக்கு மேல் போகாது. எவ்வளவு விலையுயர்ந்த எஸ்எஸ்டி மாட்டினாலும் அதே கதைதான். பிஎஸ் 5-க்குள் இருப்பது நொடிக்கு 5,500 எம்பி. எக்ஸ்எல் வண்டிக்குப் பெரிய டேங்க் மாட்டினால் அது அப்பாச்சி ஆகிவிடாது. இரண்டும் வெளிவருகிற ஓசூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

"டிஸ்க் வாங்கிப் போட்டுப் பார்க்கலாமே?" என்று அடுத்த கேள்வி வரும். பிஎஸ் 5 கேம்கள் வருவது அல்ட்ரா எச்டி புளூ-ரே டிஸ்க்கில். பிஎஸ் 4 டிரைவால் அதைப் படிக்கவே முடியாது, புரோ மாடலாக இருந்தாலும்.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் அந்த எஸ்எஸ்டியைக் குப்பையில் போட வேண்டாம். பிஎஸ் 5 வாங்கிய பின் அதை ஒரு யுஎஸ்பி 3.0 கேசில் போட்டுச் செருகினால் பழைய பிஎஸ் 4 கேம்கள் நேரடியாக அதிலிருந்தே ஓடும். செருகும்போது ஃபார்மட் கேட்கும், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சேவ் ஃபைல்களை முன்கூட்டியே வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிக்கல் உண்டு. பிஎஸ் 5 ஏற்கும் குறைந்தபட்ச அளவு 250 ஜிபி. மலிவு என்று பலரும் வாங்கியிருப்பது 240 ஜிபி. அதை ஏற்காது. யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகினாலும் ஏற்காது. பிஎஸ் 5 கேம்களை இப்படி வெளி டிரைவில் வைத்திருக்கலாம், அதிலிருந்து ஆட முடியாது.

மொபைலுக்கு ஜிடிஏ 6 ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப் ஃபைல்) என்று டெலிகிராமில் வருவதெல்லாம் போலி. எஸ்எம்எஸ் அனுமதியும் ஆக்சசிபிலிட்டி அனுமதியும் கேட்பது ஓடிபியைத் திருடத்தான். பணம் போயிருந்தால் சர்வீஸ் கடைக்கு ஓடி வராதீர்கள், முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். கையடக்கமாக இருக்கிறதே என்று பிளேஸ்டேஷன் போர்ட்டல் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிஎஸ் 5 கேமை அது தன் வயிற்றுக்குள் வைத்து ஓட்டாது. வீட்டு பிஎஸ் 5-இல் ஓடுவதை வைஃபை வழியாகக் காட்டும். குறைந்தது 5 எம்பிபிஎஸ் வேண்டும், திணறாமல் ஆட 15.

இனி பழைய பிஎஸ் 5 வாங்குபவர்கள். பெங்களூருவில் இருந்து வருகிற பெட்டியை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கைமாற்றிக்கொண்டு, லைட் எரிகிறதா என்று மட்டும் பார்த்து, யுபிஐயில் பணம் போட்டுவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து டிவி இருக்கிற இடத்தில் வாங்குங்கள். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் கன்சோலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ வயரை லேசாக அசைத்தால் படம் போய் வருகிறதா? போர்ட் ஆடிவிட்டது என்று அர்த்தம். போன் ஹாட்ஸ்பாட் போட்டு, விற்பவரின் அக்கவுண்டில் அல்ல, உங்கள் அக்கவுண்டில் உள்ளே போய்ப் பாருங்கள். சோனி தடை செய்த கன்சோல் என்றால் அங்கேயே தெரிந்துவிடும், யார் அக்கவுண்ட் போட்டாலும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் திறக்காது. கனமான கேம் ஒன்றை 45 நிமிடமாவது ஓடவிடுங்கள். நடுவில் தானாக அணைந்தால் விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். பிஎஸ் 5-இல் சிப்புக்கும் அதன் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே இருப்பது திரவ உலோகம். தெரியாதவர் கழற்றி அது வழிந்திருந்தால் போர்டே ஷார்ட் ஆகும், அதைச் சரிசெய்யும் செலவுக்கு எல்லை கிடையாது. எல்லாம் சரியாக இருந்தால், விற்பவர் தன் அக்கவுண்டை அந்தக் கன்சோலோடு பிணைக்கும் 'கன்சோல் ஷேரிங்'கை அணைத்து, உங்கள் கண் முன்னால் ரீசெட் செய்து கொடுக்கட்டும்.

டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல் மலிவாகக் கிடைக்கும். 2020-இல் வந்த பழைய டிஜிட்டலில் பிற்பாடு டிரைவ் சேர்க்கவே முடியாது. அதன் பிறகு வந்த ஸ்லிம் மாடலில் சேர்க்கலாம், முதல்முறை இணைக்க இன்டர்நெட் வேண்டும்.

பிஎஸ் 5-க்குள் எஸ்எஸ்டி கூட்டுவது நீங்களே செய்யக்கூடிய வேலை, தவறான பாகத்தை வாங்காமல் இருந்தால். எஸ்எஸ்டியின் வகை எம்.2 என்விஎம்இ, நான்காம் தலைமுறை, வேகம் நொடிக்கு 5,500 எம்பி அல்லது மேல் என்று பார்த்து வாங்குங்கள். முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் அது சாட்டா வகை, பொருந்தினாலும் வேலை செய்யாது. ஹீட்சிங்க் கட்டாயம், அதோடு சேர்த்து மொத்தத் தடிமன் 11.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருக்கும் சின்ன வளையத்தை எஸ்எஸ்டியின் நீளத்துக்கு ஏற்ற குழிக்கு மாற்றுங்கள். அந்த வளையத்தை விட்டுவிட்டு ஸ்குரூவை முறுக்கி எஸ்எஸ்டியை வளைத்துக் கொண்டுவருகிறார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் என்றால் இந்த வேலையே கிடையாது, அதற்கென்று விற்கும் எக்ஸ்பான்ஷன் கார்டு மட்டும்தான்.

புது பிஎஸ் 5 வாங்கப் போகிறவர்கள் ஜிடிஏ 6 வரும் வரை பொறுங்கள். வாரண்டி ஒரு வருடம்தான். தேதி இன்னும் ஒருமுறை தள்ளிப்போனால் கேம் வருவதற்குள் அதில் பாதி கரைந்துவிடும்.

கடைசியாக, கிரானைட் பாலிஷ் பட்டறைகள் உள்ள பக்கம் வீடு என்றால் தூசி சீக்கிரம் அடையும். பிஎஸ் 5-இன் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் தூசி சேரும் இரண்டு ஓட்டைகள் தெரியும், வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினால் போதும். பஞ்சர் கடை கம்ப்ரசரில் ஊதாதீர்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் வரும், அந்த வேகத்தில் ஃபேன் பேரிங்கும் போய்விடும்.