அஞ்சு ஹெச்.பி. கணக்கு: சின்ன கார் ஏன் குறைவாகக் குடிக்கிறது?

"ரவுண்டா போட்டுக்கலாமா சார்?" என்று கேட்டான் பங்க் பையன். வேண்டாம் என்றேன். ஆட்டோ கட் 'டக்' என்று விழுந்த இடத்தில் நிறுத்தினால்தான் என் கணக்கு நிற்கும். சரியான கஞ்சன் என்று நினைத்திருப்பான். பக்கத்துக் குழாயில் மச்சானின் எஸ்.யூ.வி. நின்றிருந்தது. அங்கேயும் அதே டக்.

கிருஷ்ணகிரியில் இரண்டு வண்டிக்கும் டேங்கை நிரப்பிக்கொண்டு ஓசூர் போவது, அங்கே மறுபடி நிரப்புவது, எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பது. திரும்பும்போதும் அதே மாதிரி. ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மைலேஜ் பார்ப்பதில் பிழை நிறைய வரும், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் என் பழைய ஒரு லிட்டர் ஹாட்ச்பேக் போகும்போது லிட்டருக்கு 17 கி.மீ., வரும்போது 23 கி.மீ. கொடுத்தது. மச்சானின் இரண்டு டன் பெட்ரோல் வண்டி போகும்போது 10, வரும்போது 14.

"சின்ன வண்டி, சின்ன இன்ஜின், கம்மியாத்தான் குடிக்கும். இதுல என்ன மாமா அதிசயம்?" என்றான்.

அதிசயம் இல்லைதான். ஆனால் வண்டி சின்னதாக இருப்பது வேறு, இன்ஜின் சின்னதாக இருப்பது வேறு. இரண்டும் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் வழி ஒன்றல்ல.

முதலில் வண்டி. சமதளத்தில், காற்று வீசாத நேரத்தில், 60 கி.மீ. வேகத்தில் ஒரே சீராகப் போகும் காரை இரண்டு விஷயங்கள்தான் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று டயர். உருளும்போது தரையைத் தொடும் பகுதி நசுங்கி, அப்புறம் நிமிர்கிறது. நசுக்கக் கொடுத்த ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தராது, கொஞ்சத்தைச் சூடாக்கி வைத்துக்கொள்ளும். நெடுந்தூரம் ஓடி நின்ற வண்டியின் டயரில் கை வைத்தால் தெரியும். நல்ல தார் ரோட்டில் இந்த இழுவை, வண்டியின் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. ஆட்களோடு சேர்த்து 900 கிலோ வரும் சின்ன காருக்குப் பத்து பதினோரு கிலோவைத் தூக்கும் பலம் போதும். பேட்டரி இறங்கிப்போன காரை ஒரே ஆள் தள்ள முடிவது இதனால்தான். டயரில் காற்று குறைந்தால் நசுங்கல் கூடும், மைலேஜும் போகும்.

இன்னொன்று காற்றின் தடை. 60 கி.மீ. வேகத்தில் அதுவும் ஏறக்குறைய டயர் இழுவை அளவுக்கே இருக்கும். இரண்டையும் கூட்டி வேகத்தால் பெருக்கினால் மூன்றரை கிலோவாட் வருகிறது. அதாவது ஐந்து ஹெச்.பி.க்குக் கொஞ்சம் குறைவு.

ஐந்து ஹெச்.பி. என்றால் எவ்வளவு என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். கிணற்றில் ஓடும் மோட்டார். அவ்வளவுதான் வேண்டும், ஒரு குடும்பத்தை 60 கி.மீ. வேகத்தில் காரில் கொண்டுபோக. ஆனால் என் காரின் இன்ஜின் 65 ஹெச்.பி.க்கு மேல் தரக்கூடியது. மச்சானின் வண்டி 200. அவன் வண்டி கனமானது, முகப்பும் அகலம், அதனால் அதே வேகத்துக்கு அதற்கு ஒன்பது ஹெச்.பி. வேண்டும். என் இன்ஜின் தன் பலத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கைக் காட்டுகிறது, அவனுடையது இருபத்திரண்டில் ஒரு பங்கை. சும்மா இருக்கும் பலம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றும். அப்படி விட முடியாது. அந்தச் சும்மா இருக்கும் பலம்தான் பெட்ரோலைத் தின்கிறது.

இதற்குப் பாலக்கோட்டில் இருக்கும் என் சித்தப்பாவின் போர்வெல்லுக்குப் போகவேண்டும். தண்ணீர் நிறைய இருந்த காலத்தில் பெரிய மோட்டாராக இறக்கிவிட்டார். அப்புறம் மட்டம் இறங்கிவிட்டது. முழுசாகத் திறந்துவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே காற்று வாங்கும். ஆகவே கேட் வால்வை முக்கால்வாசி மூடிவைத்து ஓட்டுகிறார். தண்ணீர் கால்வாசிதான் வருகிறது. மோட்டார் இழுக்கும் கரண்ட் கால்வாசியாகக் குறைந்ததா? இல்லை. மூடிய வால்வோடு மல்லுக்கட்டவே பாதி சக்தி போகிறது.

பெட்ரோல் இன்ஜினுக்குள்ளும் அப்படி ஒரு கேட் வால்வு உண்டு. த்ராட்டில் என்பார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல்தான் நேராகக் கூடுகிறது என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் மிதி திறந்துவிடுவது காற்றுக்கான வாசலை. ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பாகமும் இந்த விகிதத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. எனவே குறைந்த பலம் போதும் என்றால் பெட்ரோலை மட்டும் குறைக்க முடியாது, காற்றையும் குறைத்தாக வேண்டும். அதற்கு வாசலைச் சாத்துகிறார்கள். இன்ஜினின் சிலிண்டர் குழாய்க்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கீழே இறங்கும்போது, சாத்திய வாசல் வழியே காற்றை உறிஞ்ச முடியாமல் திணறுகிறது. ஊசி போடும் சிரிஞ்சின் நுனியை விரலால் பொத்திக்கொண்டு பின்னால் இழுத்துப் பாருங்கள். கையில் படும் அந்த எதிர்ப்பைத்தான் ஒவ்வொரு பிஸ்டனும் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஜெயிக்கவேண்டியிருக்கிறது. அதற்கான செலவும் உங்கள் டேங்கில் இருந்துதான்.

சின்ன இன்ஜினில் வாசல் அதிகம் திறந்திருக்கும், ஏனென்றால் அதே ஐந்து ஹெச்.பி.யைத் தர அது கொஞ்சம் முயற்சி செய்யவேண்டும். பெரிய இன்ஜினில் வாசல் ஒரு கீற்றுத்தான் திறந்திருக்கும். மூச்சு முட்டிக்கொண்டே சோம்பலாக ஓடும். போதாததற்கு அதிக பிஸ்டன், அதிக பேரிங், அதிக உரசல். நல்ல பெட்ரோல் இன்ஜின் சரியான சுமையில் எரிபொருளின் ஆற்றலில் 35 சதவீதத்துக்கு மேல்கூட வேலையாக மாற்றும். அதே இன்ஜின் தூங்கி வழிந்துகொண்டு ஓடும்போது 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மைலேஜுக்கு டாப் கியர் என்று மெக்கானிக்குகள் சொல்வதும் இதே காரணத்தால்தான். அதே வேகத்தில் கியரைக் கூட்டினால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகம் உழைக்கும், வாசல் திறக்கும். டீசல் இன்ஜினில் இந்த வாசல் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. அதில் டீசலை மட்டும் குறைத்தால் போதும்.

ஊருக்குள் வந்தால் எடைதான் எல்லாம். தர்மபுரி நான்கு ரோட்டில் சிக்னல், கொஞ்சம் தள்ளி வேகத்தடை, அப்புறம் குறுக்கே வரும் டவுன் பஸ். நின்ற வண்டியை 40 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோக, 900 கிலோ காருக்கு இரண்டு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகப் பெட்ரோல் பிடிக்கும். இரண்டு டன் வண்டிக்கு நான்கு டீஸ்பூன். அடுத்த வேகத்தடையில் பிரேக் மிதித்ததும் அத்தனையும் டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போய்விடும். மறுபடி டீஸ்பூனை எடுக்கவேண்டியதுதான்.

எங்கள் ஓசூர் பந்தயத்தில் போகும்போது மைலேஜ் விழுந்ததும் எடைக் கணக்குத்தான். குருபரப்பள்ளி தாண்டி, மேலுமலை ஏறி, சூளகிரி வழியாக ஓசூர் போய்ச் சேர்வதற்குள் ரோடு ஏறக்குறைய 400 மீட்டர் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் 33 மெகாஜூல் ஆற்றல் உண்டு, அதில் கால்வாசி சக்கரத்துக்கு வந்தால் பெரிய விஷயம். இந்தக் கணக்கில், உயரம் ஏறுவதற்கு மட்டும் என் காருக்கு 400 மில்லிக்குக் கொஞ்சம் கூடுதல், மச்சான் வண்டிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. எந்த இன்ஜினும் இதில் சலுகை வாங்க முடியாது. தூக்கும் சுமைக்குக் கூலி கொடுத்தே ஆகவேண்டும்.

சரி, காரை எப்படி இவ்வளவு இலேசாகச் செய்தார்கள்? இந்த வேலையை ஆரம்பித்துவைத்தது ஒரு பெட்ரோல் பஞ்சம். 1956-ல் சூயஸ் கால்வாய்ச் சண்டையால் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1959-ல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி வந்தது. இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, முன்சக்கரத்தையே ஓட்டவிட்டார். பின்சக்கரம் வரை போகும் நீள ஷாஃப்ட் தேவையில்லாமல் போனது, எடை இறங்கியது, உள்ளே இடம் கூடியது. 1983 டிசம்பரில் நம் ரோட்டுக்கு வந்த மாருதி 800-ம் இதே அமைப்புத்தான். அதன் 796 சி.சி. இன்ஜினில் மூன்றே சிலிண்டர். வழக்கமான நான்கில் ஒரு சிலிண்டர் குறைந்தால் உரசும் இடமும் சூடு கசியும் சுவரும் குறையும். பதிலுக்கு, சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் லேசாக நடுங்கும். எனக்கு அது பழகிவிட்டது. அப்புறம் வரி. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள் இன்ஜின் என்ற வரம்புக்குச் சலுகை வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வரம்புக்குள் உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40. நம் ஊர் கார்கள் பலவற்றுக்கு வால் வெட்டினாற்போலப் பின்பக்கம் நறுக்கென்று முடிவதற்கு இந்த நான்கு மீட்டர்தான் காரணம், காற்றியல் அல்ல. காற்றைக் கேட்டால் அது நீண்டு சரியும் பின்புறத்தைத்தான் விரும்பும். ஆனால் அந்த நறுக்கின முதுகில் முழுக்கத் திறக்கும் கதவு இருப்பதால், பின்சீட்டை மடக்கிவிட்டு ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி நாலு ஏற்றிவிடலாம். மச்சான் வண்டியிலும் ஏற்றலாம், அவன் சம்மதித்தால்.

இங்கே தொப்பூரைப் பற்றி ஒரு வார்த்தை. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது கணவாயில் ரோடு கடகடவென்று இறங்கும். மைலேஜ் மிச்சம் என்று அந்த இறக்கத்தில் நியூட்ரல் போட்டு விடும் பழக்கம் லாரிக்காரர்களிடமிருந்து கார்க்காரர்கள் வரை தொற்றியிருக்கிறது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் வேலையைக் கார்புரேட்டர் என்ற கருவி செய்த காலத்தில் அதில் ஏதோ அர்த்தம் இருந்தது. பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கணக்கே தலைகீழ். கியரில் இருக்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்தால், இன்ஜின் ஓரளவு வேகமாகச் சுற்றும் வரை கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுசாக நிறுத்திவிடும். ஒரு சொட்டு போகாது. சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரல் போட்டாலோ, இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்றியே ஆகவேண்டும். அதாவது காசு கொடுத்துத்தான் நியூட்ரலில் இறங்குகிறோம். அதோடு, நாம் இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்த அந்த மூடிய வாசல், இறக்கத்தில் நல்ல பிரேக். பிஸ்டன் காற்றை உறிஞ்சத் திணறும் திணறல் வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் அதுவும் போய், முழுப் பாரமும் பிரேக் மேல் விழுந்து, அது சூடேறிப் பிடிமானம் விட்டால் என்ன ஆகும் என்று இரட்டைப் பாலத்துப் பக்கம் போய்க் கேட்டால் சொல்வார்கள்.

சின்ன கார் எல்லா இடத்திலும் ஜெயிக்கும் என்று நான் சொல்லவில்லை. வேகம் கூடினால் காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-ல் ஐந்து ஹெச்.பி. கேட்ட அதே கார், 100-ல் பதினைந்து கேட்கும். இன்ஜின் அப்போது வாசலை இன்னும் திறந்து திறமையாக உழைப்பதால் மைலேஜ் பாதியாக விழாது, ஆனால் நன்றாகவே விழும். விளம்பரத்தில் வரும் மைலேஜ், சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல், ஏசி போடாமல், 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் எடுத்தது. அங்கே மேலுமலை கிடையாது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 900 கிலோ வண்டியும் 2000 கிலோ வண்டியும் ஒரே வேகத்தில் நேருக்கு நேர் மோதினால், கனமான வண்டியில் இருப்பவர் தாங்கும் வேக மாற்றத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இலேசான வண்டியில் இருப்பவர் தாங்கவேண்டும். லாரிகள் ஓயாத நாற்பத்து நாலாம் நம்பர் ரோட்டில் இது சின்ன விஷயம் இல்லை. மச்சான் பெரிய வண்டி வாங்கியதற்குச் சொன்ன காரணமும் இதுதான், அதை நான் மறுக்கவில்லை.

அப்புறம் ஏசி. குளிரூட்டும் கம்ப்ரஸருக்கு இரண்டு மூன்று ஹெச்.பி. வேண்டும். காரின் அளவு எதுவானாலும் வெயில் ஒரே வெயில்தான், அதனால் இந்தச் செலவு பெரிதாக மாறாது. இருநூறு ஹெச்.பி. வண்டிக்கு அது தெரியவே தெரியாது. ஐந்து ஹெச்.பி.யில் ஓடும் வண்டிக்கு அது பாதிச் சம்பளம். சித்திரை வெயிலில், ஐந்து பேரும் ஒரு மாம்பழக் கூடையும் ஏறிய வண்டி மேலுமலை ஏற்றத்தில் நுழையும்போது, ஏற்றம் தனியாகப் பத்து ஹெச்.பி. கேட்கும், ஏசி மூன்று கேட்கும், பின்னால் வரும் லாரி ஹாரனில் கேட்கும். கியரை ஒன்று குறைத்து, ஏசியை அணைத்துவிடுவேன். பின்சீட்டில் இருக்கும் மாமியார் ஒன்றும் சொல்லமாட்டார். ஜன்னலை மட்டும் இறக்குவார், கொஞ்சம் வேகமாக.