பிரெஞ்சில் ‘வா’ என்றால் ‘போ’

பாரிஸில் ஒரு தாய் தன் பிள்ளையைப் பார்த்து “வா!” என்றால், பிள்ளை கிட்டே வராது, கிளம்பிப் போகும். பிரெஞ்சில் ‘வா’ என்றால் ‘போ’. ஓசை ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் அந்தச் சொல் பிறந்த கதை தற்செயல் அல்ல.

போவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினை ‘அலே’. நான் போகிறேன் என்பதற்கு ‘ஜ வே’, நாம் போகிறோம் என்பதற்கு ‘நூஸ் அலோன்’, நான் போவேன் என்பதற்கு ‘ஜிரே’. வே, அலோன், இரே மூன்றும் ஒரே வினை என்று சொன்னால் காது நம்பாது. காது சொல்வதுதான் சரி. இவை மூன்று வேர்களிலிருந்து வந்து ஒரே வீட்டில் குடியேறியவை.

லத்தீனில் ‘போ’ என்பதற்கு இருந்த வினை ‘ஈரே’. அதன் நிகழ்கால வடிவங்களோ மிகக் குட்டை: ‘எஓ’, ‘ஈஸ்’, ‘இத்’. பேச்சில் ஓசைகள் தேயத் தேய, இவற்றில் மிஞ்சுவதற்கு எதுவும் இல்லை. அந்த இடத்துக்கு ‘வாதெரெ’ என்ற இன்னொரு வினை வந்தது. ‘வே’, ‘வா’ இரண்டும் அதன் பிள்ளைகள். ‘நாம்’, ‘நீங்கள்’ வடிவங்களை ‘அலே’ பிடித்துக்கொண்டது. உலாவுதலைக் குறித்த ‘அம்புலாரே’தான் அதன் மூலம் என்பது பெரும்பாலான மொழியியலாளர்களின் கருத்து. பழைய ‘ஈரே’ எதிர்காலத்திலும், ‘போவேனே’ என்பது போன்ற நிபந்தனை வடிவத்திலும் மட்டும் தங்கிவிட்டது.

இவ்வளவு குழப்பத்தையும் பேசுபவர்கள் ஏன் சீர்செய்யவில்லை? நாளுக்கு நூறு முறை வாயில் புரளும் சொல்லை மறக்க முடியாது. மறந்தால்தானே விதியைத் தேடுவோம். ஆங்கில வினைகளை வைத்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்காகவே காட்டியது. பழைய ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற வினைகள் 177-ஐ எடுத்துப் பார்த்தார்கள். இன்றும் அப்படியே நிற்பவை 98. நூறு மடங்கு அரிதாகப் புழங்கும் வினை, பத்து மடங்கு வேகமாக விதிக்குள் வந்துவிடுகிறது.

‘அலே’ போவதோடு நிற்பதும் இல்லை. நலம் விசாரிக்க ‘ஸா வா?’ போதும். சட்டை ஒருவருக்கு நன்றாகப் பொருந்தினாலும் இதே வினைதான். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: ‘ஜ வே மான்ஜே’, அதாவது ‘நான் சாப்பிடப் போகிறேன்’. ஒட்டோ உறவோ இல்லாத இரு மொழிகள் எதிர்காலத்துக்கு ஒரே வழியைக் கண்டிருக்கின்றன. ஓரிடத்துக்குப் போகிறவர் மனத்தில் செய்யவேண்டிய வேலை இருக்கும். நாளடைவில் இடம் உதிர்ந்து, வரப்போகும் நேரம் மட்டும் பொருளாக நின்றுவிடுகிறது. அதனால்தான் ‘மழை பெய்யப் போகிறது’ என்கிறோம். மழைக்குக் காலா இருக்கிறது? பிரெஞ்சிலும் மழைக்கு ‘இல் வா’தான்.

ஊருக்குக் கிளம்பும் பிரெஞ்சுக்காரர் ‘ஜ வே அலே’ என்றும் சொல்வார். நான் போகப் போகிறேன். முதல் ‘போ’ காலத்துடையது, இரண்டாவதுதான் காலுடையது. பிரெஞ்சில் வரிசை நமக்கு நேர்மாறு.