நிருபரின் நோட்டை யார் பார்த்தது?

செய்தி அறையில் பொறுப்பாசிரியராக இருந்தபோது, எங்கள் நிருபர் ஒருவரின் செய்திக்கு மறுப்பு வந்தது. "நம்ம ஆள் தப்பு செய்ய மாட்டார்" என்ற நம்பிக்கையில் நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் காரமாகப் பதில் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். தகவல் தந்தவர் "இருக்கலாம்" என்றிருந்தார். நாங்கள் "இருக்கிறது" என்று போட்டிருந்தோம்.

கீழே இருப்பவர் பேசியதற்கு மேலே இருப்பவர் ஏன் ராஜினாமா செய்ய வேண்டும் என்று பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் கேட்பதுண்டு. பேசியதற்காக மட்டும் யாரும் போவதில்லை, அப்புறம் என்ன செய்தார்கள் என்பதற்காகத்தான் போகிறார்கள் என்பேன். உடனே பிபிசி கதைக்கு வந்துவிடுவேன்.

2003 மே 29, காலை 6.07. பிபிசி நிருபர் ஆண்ட்ரூ கில்லிகன் வீட்டிலிருந்தே ரேடியோ 4 வானொலியின் 'டுடே' செய்தி நிகழ்ச்சியில் நேரலையில் பேசுகிறார். கையில் ஸ்கிரிப்ட் இல்லை. ஈராக்கால் 45 நிமிடத்தில் பேரழிவு ஆயுதங்களைப் பயன்படுத்த முடியும் என்ற தகவல் தவறு என்று, ஈராக் ஆயுதங்களைப் பற்றி வெளியிட்ட ஆவணத்தில் அதைச் சேர்க்கும் முன்பே பிரிட்டிஷ் அரசுக்கு அநேகமாகத் தெரியும் என்று சொல்லிவிட்டார். சற்று நேரம் கழித்து எழுதிவைத்துப் பேசியபோது அந்த வரி அடங்கிவிட்டது. ஆனால் முதலில் சொன்னது சொன்னதுதானே.

ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் பிரதமர் அலுவலகத்தின் தகவல் தொடர்புத் தலைவர் அலஸ்டர் காம்ப்பெல் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார். மறுநாளே பிபிசி அதை மறுத்துப் பதில் அனுப்பியது. அதே நாளில்தான் அந்த நிகழ்ச்சியின் ஆசிரியர் கெவின் மார்ஷ், நல்ல செய்தியைச் சொற்களின் கவனக்குறைவு கெடுத்துவிட்டது என்ற பொருளில் உள்ளுக்குள் மின்னஞ்சல் எழுதினார். உள்ளே ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு! நான் திரும்பத் திரும்பக் காட்டுவது இந்த ஒரு நாளைத்தான்.

ஜூலையில், கில்லிகனுக்குத் தகவல் தந்த விஞ்ஞானி டேவிட் கெல்லி இறந்தார். அந்த மரணத்தின் பின்னணியை விசாரித்த நீதிபதி ஹட்டன் பிரபுவின் அறிக்கை 2004 ஜனவரி 28இல் வந்தது. அன்றே பிபிசி தலைவர் கவின் டேவிஸ் விலகினார், மறுநாள் தலைமை இயக்குநர் கிரெக் டைக். அந்த வரியைப் பேசிய கில்லிகன் போனது அதற்கும் மறுநாள். அறிக்கை அரசுப் பக்கம் சாய்ந்தது என்று பலர் சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் நிர்வாகம் நிருபரின் குறிப்புகளை உரிய நேரத்தில் பார்க்காமலே அவருக்காக வாதாடியது என்ற குறையை என்னால் தள்ள முடியவில்லை.

சரி, அது நேரலை. 2008இல் அந்தச் சாக்கும் கிடையாது. பிபிசி ரேடியோ 2 நிகழ்ச்சி ஒன்றில் தொகுப்பாளர்கள் ரஸ்ஸல் பிராண்டும் ஜோனதன் ராஸும் நடிகர் ஆண்ட்ரூ சாக்ஸின் தொலைபேசிக் குரலஞ்சலில், அவருடைய பேத்தியைப் பற்றி ஆபாசமாகப் பேசி வைத்தார்கள். அது முன்கூட்டியே ஒலிப்பதிவான நிகழ்ச்சி. ஒலிபரப்பலாம் என்று யாரோ ஒருவர் தலையாட்டியிருக்கிறார். முதலில் வந்த புகார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பத்திரிகையில் வந்தபின் பல்லாயிரமாயின. ரேடியோ 2 பொறுப்பாளர் லெஸ்லி டக்ளஸ் பதவி விலகினார். பிபிசிக்கு 1,50,000 பவுண்ட் அபராதம்.

அதனால் இப்போது புகார் வந்தால் முதலில் ஒலிப்பதிவையும் நோட்டையும் கேட்கிறேன். அனுமதித்தது யார் என்பது அடுத்த கேள்வி. பதில் கடிதம் கடைசியில்தான்.

என் கதைக்கு வருகிறேன். மூன்று வரியில் திருத்தம் போட்டோம். மெமோ நிருபருக்கு மட்டும்தான் வந்தது. பதில் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்.